படுக்கையில் நேரம் குறைத்தால் தூக்கம் கூடுமா? முன்னாள் படைவீரர்களுக்குக் கைப்பேசி வழி தூக்கப் பயிற்சி

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தால், இது உங்களுக்குத் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். ஒரு மணிக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். தண்ணீர் குடிப்பார், திரும்பப் படுப்பார். மூணு மணிக்கு மறுபடியும் எழுந்து உட்கார்வார். நாலரைக்கு "இனிமே எங்க தூக்கம்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். யாராவது கேட்டால், "மிலிட்டரிக்காரன் தூக்கம் இப்படித்தான்" என்று சிரித்து மழுப்புவார். வீட்டில் உள்ளவர்களும் வருஷக்கணக்கில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, அதுவும் மாத்திரை இல்லாத சிகிச்சை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக அந்த நாட்டு அரசே இதைக் கைப்பேசிச் செயலியாகவும் இணையப் பாடமாகவும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, யாருக்குச் சரிப்படாது, நம் ஊரில் இருப்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் பெயர். "தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை" என்பது முழுப் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் சிபிடி-ஐ என்பார்கள். இரண்டு பெயருமே கொஞ்சம் மிரட்டும். தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் படுக்கைப் பழக்கங்களையும் சில வாரங்களில் மாற்றிப் பழக்குவதுதான் இதன் உள்ளடக்கம். அதனால் இந்தக் கட்டுரையில் "தூக்கப் பயிற்சி" என்றே சொல்லிக்கொள்வோம்.

இது ஏதோ புதுசாகக் கிளம்பிய விஷயமும் இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக முதலில் தர வேண்டிய சிகிச்சை இதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பிய தூக்க ஆய்வுச் சங்கம் 2017-ல் அதையே சொன்னது. 2023-ல் அந்த வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, நேரில் தந்தாலும் டிஜிட்டல் வழியில் தந்தாலும் இந்தப் பயிற்சியே முதல் சிகிச்சை என்றது.

எதை நோயாகக் கருதுவது?

ஒருநாள் இரண்டு நாள் தூக்கம் வராமல் போவது எல்லாருக்கும் உண்டு. வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களாவது தொடர்ந்து தூக்கம் பிடிக்காமலோ நடுவில் கலைந்தோ போக வேண்டும். தூங்குவதற்குப் போதுமான நேரமும் இடமும் இருந்தும் அப்படி ஆக வேண்டும். அதனால் பகலில் சோர்வு, எரிச்சல், மறதி ஏதாவது இருக்க வேண்டும். இவை சேர்ந்தால்தான் நாள்பட்ட தூக்கமின்மை. அளவிடுவதற்கு 7 கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கனடா உளவியலாளர் சார்லஸ் மோரின் உருவாக்கியது. 28-க்கு மதிப்பெண் போடுவார்கள். 15-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டிய நிலை.

படைவீரர்களிடம் இது ஏன் அதிகம்? அமெரிக்காவின் சான் டியாகோவில் முன்னாள் படைவீரர் மருத்துவச் சேவையில் புதிதாகப் பதிவு செய்தவர்களைப் பரிசோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கமின்மை இருந்தது. போர் அதிர்ச்சியால் வரும் மனநலப் பாதிப்பு, அதாவது பிடிஎஸ்டி உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே இருந்தது.

பணியில் இருக்கும்போது தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இரவு சென்ட்ரி டியூட்டி, திடீர் அழைப்பு, உயரமான மலை முகாம்களில் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் தானாகவே கலையும் தூக்கம். அங்கே அரைத்தூக்கத்தில் இருப்பது பலவீனம் கிடையாது. அதுதான் உயிரைக் காப்பாற்றும் பழக்கம். சின்னச் சத்தத்துக்கும் விழிக்கும்படி உடம்பு பழகிவிடுகிறது. பணி முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. போர்முனையையே பார்க்காதவர்களுக்கும் ஓய்வு என்பது சாதாரண மாற்றம் இல்லை. நம் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதைச் சுற்றியே வெளியே வருகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாவது வேலை தேட வேண்டியிருக்கும். ராத்திரி விழித்துக் கிடக்கும் மனசுக்கு இதெல்லாம் தீனி.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கம் கெட ஆரம்பித்த காரணம் ஒன்று. அது பத்து வருஷம் கழித்தும் கெட்டே இருப்பதற்கான காரணம் வேறொன்று. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1980-களில் இதைத்தான் தெளிவாகச் சொன்னார். இயல்பிலேயே சிலருக்குத் தூக்கம் லேசானது. அதன் மேல் ஏதோ ஒரு சம்பவம் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்குப் பிறகு, கெட்ட தூக்கத்தைச் சரிக்கட்ட நாம் செய்கிற காரியங்களே அதை நிரந்தரமாக்குகின்றன. சீக்கிரம் போய்ப் படுப்பது, விடிந்த பிறகும் "கொஞ்சம் கண்ணை மூடுவோம்" என்று புரண்டுகொண்டிருப்பது, மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கண் அசருவது, ராத்திரி இரண்டு பெக். நடந்து முடிந்த சம்பவத்தை யாராலும் மாற்ற முடியாது. இந்தப் பழக்கங்களை மாற்ற முடியும். தூக்கப் பயிற்சி கைவைப்பது அங்கேதான்.

வீட்டில் யாருக்கும் பிடிக்காத வைத்தியம்

கசகசா பால், ஜாதிக்காய், காலுக்கு நல்லெண்ணெய், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் இந்தப் பட்டியல் கிடைக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இந்த மாதிரிப் பொது ஆலோசனைகள் மட்டும் போதாது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களே ஒப்புக்கொண்ட விஷயம். பயிற்சியின் மையம் வேறு இரண்டு விதிகளில் இருக்கிறது. இரண்டுமே முதலில் கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும்.

முதல் விதி ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்னது. படுக்கை என்றால் தூக்கம், தாம்பத்தியம். வேறெதற்கும் இல்லை. கண் சொக்கினால் மட்டும் படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து போய்விட வேண்டும் (கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, தோராயமாகத்தான்). மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காரலாம், பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம். மறுபடி கண் சொக்கும்போது வந்து படுக்கலாம். ஒரே ராத்திரியில் நாலு தடவை எழுந்தாலும் சரி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது. பகல் தூக்கம் கூடாது. வருஷக்கணக்காகப் படுக்கையில் விழித்துக்கிடந்து கிடந்து, படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும்படி மூளை பழகியிருக்கிறது. அந்த இணைப்பை அறுப்பதுதான் நோக்கம்.

"எழுந்து வேறு அறைக்குப் போங்கள்" என்று அமெரிக்கப் பாடங்களில் எழுதியிருக்கும். ஒரே அறையில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் எங்கே போவது? வேறு அறை முக்கியமில்லை, படுத்த இடத்தை விட்டு எழுவதுதான் முக்கியம். திண்ணை, மாடிப்படி, அடுக்களை ஓரத்தில் ஒரு நாற்காலி எதுவாக இருந்தாலும் போதும்.

இரண்டாவது விதி ஸ்பீல்மேன் 1987-ல் வெளியிட்ட முறை. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. தூங்காத மனுஷனைப் பார்த்து இன்னும் லேட்டாகப் படு என்று சொல்வதா? ஆமாம், அதேதான். கணக்கோடு பார்த்தால் புரியும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 9.30-க்குப் படுக்கிறார், காலை 5 மணிக்கு எழுகிறார். படுக்கையில் இருந்தது 7.5 மணி நேரம். ஒரு வாரம் குறிப்பு எழுதிப் பார்த்தால், உண்மையில் தூங்கியது சராசரியாக 5.5 மணி நேரம்தான். 5.5-ஐ 7.5-ஆல் வகுத்தால் 73 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்பார்கள். நல்ல தூக்கத்தில் இது 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இவருக்கு 2 மணி நேரம் வீணாகிறது. வீண் என்பதை விட, அந்த 2 மணி நேரம்தான் "எனக்குத் தூக்கம் வராது" என்று தினமும் அவருக்குப் பாடம் எடுக்கிறது. எனவே அவர் தூங்கும் 5.5 மணி நேரத்தை மட்டுமே படுக்கைக்குக் கொடுப்பார்கள். எழுவது அதே 5 மணி. அப்படியானால் படுப்பது 11.30.

முதல் வாரம் படுத்தி எடுத்துவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். ஒன்பதரையில் இருந்து பதினொன்றரை வரை விழித்திருப்பதே பெரிய வேலை. ஆனால் பகல் முழுக்கச் சேர்ந்த தூக்கப் பசி ஒரே இடத்தில் குவியும்போது, படுத்ததும் தூக்கம் பிடிக்கத் தொடங்கும், நடுவில் கலைவதும் குறையும். அடுத்த வாரம் கணக்குப் போடும்போது 5.5 மணியில் 5 மணி நேரம் தூங்கியிருந்தால் தூக்கத் திறன் 91 சதவீதம் ஆகிவிடும். அப்போது 15 நிமிடம் கூட்டி 11.15-க்குப் படுக்கலாம். அடுத்த வாரமும் நன்றாக இருந்தால் இன்னொரு 15 நிமிடம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, அவருடைய உடம்புக்கு எவ்வளவு போதுமோ அதுவரை. எவ்வளவு மோசமாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை 5 மணிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது.

இந்தக் கணக்கு முறையில் படைவீரர்களுக்கு ஒரு அனுகூலம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தினமும் ஒரே நேரத்துக்கு எழுவதுதான் மற்றவர்களுக்கு இதில் ரொம்பக் கஷ்டமான பகுதி. வருஷக்கணக்கில் பியூகிள் சத்தத்துக்கு எழுந்தவருக்கு அது கை வந்த கலை. இவர்களுக்குச் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. இருட்டில் படுத்துக் கிடப்பதே பாதுகாப்பில்லாத நிலை என்று மனசு சொல்லும். தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பது, சுவரோரம்தான் படுப்பது, வாசலைப் பார்த்தே படுப்பது எல்லாம் அங்கிருந்து வருவது. பயிற்சியின் அறிவாற்றல் பகுதி இந்த எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கச் சொல்லும். "இன்னைக்கு நான் காவல் காக்கலைன்னா என்ன ஆகும்? இந்தப் பத்து வருஷத்துல எத்தனை தடவை அப்படி ஆச்சு?" என்று எழுதிப் பார்ப்பது. "எட்டு மணி நேரம் தூங்கலைன்னா நாளைக்கு நான் காலி" என்ற பயத்தையும் இதேபோலத்தான். தாழ்ப்பாளை ஒருமுறை பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது தடவையை விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

குடியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேன்டீன் கோட்டாவில் வருவதைத் தூக்க மருந்து மாதிரி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மது முதல் பாதி இரவில் சீக்கிரம் தூக்கத்தைப் பிடித்துத் தரும். அது உடம்பில் இருந்து இறங்கும்போது இரண்டாம் பாதி இரவைக் கலைத்துவிடும். மூணு மணி விழிப்புக்குப் பல வீடுகளில் அதுவே காரணம். குறட்டையையும் மூச்சுத் திணறலையும் அது கூட்டும் என்பது தனி.

இதில் கைப்பேசி எங்கே வருகிறது?

இந்தப் பயிற்சியை வாரம் ஒருமுறை வீதம் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர் நேரில் தருவதுதான் வழக்கம். பிரச்சினை என்னவென்றால் அப்படிப்பட்டவர்கள் எங்கேயும் போதுமான எண்ணிக்கையில் இல்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை நாடு முழுக்க சொந்த மருத்துவமனைகள் நடத்தும் பெரிய துறை. தன் சிகிச்சையாளர்களுக்கு இதில் தனிப் பயிற்சியே கொடுத்தது. அப்படியும் கிராமப்புறங்களில், மருத்துவமனையில் இருந்து தொலைவில் வாழும் வீரர்களுக்கு எட்டவில்லை. இன்னொரு தடையும் இருந்தது. மனநலப் பிரிவின் வாசலை மிதிக்க வீரர்கள் கூச்சப்பட்டார்கள். அது எந்த நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

அதனால் அந்தத் துறையின் பிடிஎஸ்டி தேசிய மையமும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொலைமருத்துவ மையமும் சேர்ந்து சிபிடி-ஐ கோச் என்ற செயலியை 2013-ல் வெளியிட்டன. இது சிகிச்சையாளரிடம் போய்க்கொண்டிருப்பவர் கையில் வைத்துக்கொள்ளும் துணை. தினமும் காலையில் எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை தடவை விழித்தேன் என்று பதிவு செய்தால் தூக்கத் திறனை அதுவே கணக்குப் போட்டுவிடும். அடுத்து வந்த இன்சோம்னியா கோச் செயலியில் ஒரு படி மேலே போனார்கள். சிகிச்சையாளர் இல்லாமலே ஒருவர் தனியாகச் செய்துகொள்ளும்படி, வாரம் வாரம் பயிற்சி தரும் செயலி அது. இணையத்தில் முழுப் பாடமாகவும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பெயர் சொல்லாமலே படிக்கலாம். எல்லாம் இலவசம். செயலிகளில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. படைவீரர் அல்லாதவர்களும் பயன்படுத்தலாம்.

பலன் எப்படி? இன்சோம்னியா கோச் செயலியை 50 முன்னாள் படைவீரர்களிடம் 6 வாரம் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குச் செயலி. மறுபாதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். செயலி பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மருத்துவ ரீதியாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. காத்திருந்தவர்களில் அப்படி முன்னேறியவர்கள் மிகச் சொற்பம். நான்கில் ஒருவர்தானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்னச் சோதனை, யாருடைய உதவியும் இல்லாத செயலி, இலவசம், பக்கவிளைவு குறைவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டிய எண் அது. நேரில் ஆள் இருந்து தரும் பயிற்சியில் பலன் இதைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம்.

தனியார் செயலிகளும் இருக்கின்றன. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு ஸ்லீப்பியோ என்ற செயலியை 2022-ல் பரிந்துரைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் சோம்ரிஸ்ட் என்ற செயலியை மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் சிகிச்சையாக அனுமதித்தது. ஆனால் மூன்றே வருஷத்தில், 2023-ல், அதை விற்ற நிறுவனம் திவாலாகி அந்தச் செயலி வேறு கைக்கு மாறியது. மருந்துக் கடை மூடினால் பக்கத்துக் கடையில் அதே மாத்திரை கிடைக்கும். செயலி நின்றுபோனால் பாதியில் இருப்பவர் என்ன செய்வார்? அரசே செயலியை உருவாக்கி வைத்திருப்பதில் உள்ள நியாயம் இதில் தெரிகிறது.

எந்தச் செயலியிலும் பெரிய பிரச்சினை, பாதியில் விடுபவர்கள். அதிலும் படுக்கை நேரத்தைக் குறைக்கும் அந்த முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். நேரில் ஒரு சிகிச்சையாளர் இருந்தால் "இது எதிர்பார்த்ததுதான், இன்னும் அஞ்சு நாள் பொறுங்க" என்பார். செயலி மணி அடிக்கும், அவ்வளவுதான். இடையில் வாரம் ஒருமுறை போனில் ஒரு மனிதக் குரல் கேட்டால்கூட முடிப்பவர்கள் எண்ணிக்கை கூடுகிறது என்பது இந்தத் துறையில் பலமுறை பார்த்த விஷயம். அந்தக் குரல் வீட்டிலேயே இருக்கலாம். உங்கள் கணவரோ அப்பாவோ இதைத் தொடங்கினால், சாயங்காலம் நாற்காலியில் அவர் சொக்கும்போது பாவம் பார்த்து "கொஞ்சம் படுங்களேன்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், கடைக்கு அனுப்புங்கள்.

யாரெல்லாம் தனியாகத் தொடங்கக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநிலை மிகையாக ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவர்கள் தூக்க நேரத்தைக் குறைத்தால் நோய் கிளம்பலாம். இவர்கள் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர்களுக்கு இருப்பது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் தனி. அவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் செயலியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் குடியை நிறுத்துவதற்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஓய்வுபெற்ற வீரர்களில் ஏராளமானோர் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார்கள். அரசின் டெக்ஸ்கோ வழியாகவும் தனியார் ஏஜென்சிகள் வழியாகவும் ஏடிஎம், தொழிற்சாலை, அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்களில் நிற்பவர்கள் இவர்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு "காலை 5 மணிக்கு எழு" என்ற விதி எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. ஷிப்ட் மாறி மாறி வந்தால் தூக்கக் கணக்கே வேறு. செயலிகள் பெரும்பாலும் இரவில் தூங்குபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இவர்கள் மருத்துவரிடம் வேலை நேரத்தைச் சொல்லித் தனியாகத் திட்டம் வாங்க வேண்டும். முடிந்தால் சில மாதங்களுக்கு ஒரே ஷிப்ட் கேட்டு வாங்குவது நல்லது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர், பேருந்தோ லாரியோ ஓட்டுபவர், இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்பவர் ஆகியோர் முதல் வாரங்களின் பகல் அசதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுப்பு எடுக்க வழி இல்லையென்றால் படுக்கை நேரத்தை ஒரேயடியாகக் குறைக்காமல், வாரத்துக்கு அரை மணி நேரம் என மெதுவாகக் குறைக்கும் முறையும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

கெட்ட கனவில் கத்திக்கொண்டு எழுவது, பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது, பழைய சம்பவம் கண்முன் ஓடுவது போன்றவை இருந்தால் தூக்கப் பயிற்சி மட்டும் போதாது. பிடிஎஸ்டிக்கு உரிய சிகிச்சை தேவை. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை முற்றும்போது தற்கொலை எண்ணம் வரும் ஆபத்தும் கூடுகிறது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி அவர் பேச ஆரம்பித்தால் செயலி, பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே உதவி கேளுங்கள்.

தமிழ்நாட்டில் எங்கே போவது?

மேலே சொன்ன அமெரிக்கச் செயலிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கிலம் சிரமமில்லை என்றால் இறக்கிப் பார்க்கலாம். உதாரணங்கள் அவர்கள் ஊர் வாழ்க்கையில் இருந்து வரும், அதை மட்டும் நம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாலும் நடக்கும்.

தமிழில் பேச வேண்டுமென்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் கீழ் 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த எண், தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல். தூக்கம் இல்லாத ராத்திரி மூணு மணிக்குக்கூடக் கூப்பிடலாம் என்பது இந்த விஷயத்தில் சின்ன வசதி இல்லை. ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அருகில் எங்கே போகலாம் என்றும் சொல்வார். ஆயுதப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்று டெலி மானஸில் ஒரு தனிப் பிரிவு புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

ஓய்வூதியம் பெறுபவர் இசிஎச்எஸ் உறுப்பினராக இருந்தால் முதலில் தன் பாலிகிளினிக்குக்குப் போகலாம். அங்கிருந்து மனநல மருத்துவருக்கோ, உறக்கப் பரிசோதனை வசதி உள்ள மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். உறுப்பினர் அட்டையில் சிக்கல், எங்கே கேட்பது என்றே தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இசிஎச்எஸ் இல்லாதவர்கள் அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று அவர் மறுத்தால், தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டுப் போங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

போவதற்கு முன் ஒரு வேலை. 40 பக்க நோட்டு ஒன்றில் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், தோராயமாக எப்போது தூக்கம் பிடித்தது, எத்தனை தடவை எழுந்தார், மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தார், கடைசியாக எத்தனை மணிக்கு எழுந்தார், பகலில் எவ்வளவு தூங்கினார், காபி, டீ, மது, மாத்திரை எப்போது எவ்வளவு. ராத்திரியில் எழுதக் கூடாது, கடிகாரம் பார்த்தும் எழுதக் கூடாது, காலையில் நினைவில் இருப்பது போதும். செயலிகளின் முதல் வாரமும் இதே வேலைதான். அவர் குறட்டை விடுவது அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.